துயரச் செய்தியின் பின் சிறுவருக்குத் துணை நிற்றல்

சுகாதாரமும் உடற்கல்வியும் – க.பொ.த. (சாதாரண தரம்) பரீட்சை வழிகாட்டி
பாடப்பகுதி: உளசமூக நலன்

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
• துயரச் சம்பவமொன்றின் பின் சிறுவரிடம் தோன்றும் மாற்றங்களை வயதுக்கேற்ப இனங்காண்பீர்கள்.
• அச்சத்தின்போது உடலில் நிகழும் மாற்றங்களை விளக்குவீர்கள்.
• உளவியல் முதலுதவியின் படிமுறைகளை எடுத்துக்காட்டுகளுடன் எழுதுவீர்கள்.
• வதந்திகளும் வெறுப்புப் பேச்சும் சிறுவரின் பாதுகாப்பு உணர்வைப் பாதிக்கும் விதத்தைக் கூறுவீர்கள்.
• உதவி பெறக்கூடிய நிறுவனங்களைக் குறிப்பிடுவீர்கள்.

1. அறிமுகம்

இப்பாடப்பகுதியில் வரும் வினாக்களுக்கு வரைவிலக்கணங்களை மனனஞ் செய்து விடையெழுதுவோர் பலர். ஆனால் இது பரீட்சை மண்டபத்துடன் முடிந்துபோகும் பாடமன்று. உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ இருப்பின், என்றோ ஒருநாள் நீங்கள் இதனைச் செய்து காட்ட வேண்டியிருக்கும். கொழும்பு கொச்சிக்கடையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த பல மாணவர்களுக்கு அந்த நாள் 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி வந்தது.

அன்று உயிர்த்த ஞாயிறு. காலை வழிபாட்டு வேளையில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் தேவாலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகிய மூன்று ஆலயங்களிலும், கொழும்பிலுள்ள ஷங்ரிலா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி ஆகிய மூன்று ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுத் தாக்குதல்கள் நடத்தப்பட்டன. பின்னர் தெஹிவளையிலும் தெமட்டகொடையிலும் குண்டுகள் வெடித்தன. 260 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பல சிறுவர்களும் அடங்குவர். நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தனர்.

அன்றே ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. சமூக ஊடகங்கள் சில நாட்களுக்கு முடக்கப்பட்டன. மறுநாள் 22 ஆம் திகதி, திருத்தலத்தின் அருகே நின்ற வேன் ஒன்றிலிருந்த குண்டைப் பாதுகாப்புப் பிரிவினர் செயலிழக்கச் செய்ய முயன்றபோது அது வெடித்தது. முதல் நாள் அச்சம் தணியுமுன்னரே இரண்டாவது சத்தம் கேட்டது. விடுமுறை முடிந்து திறக்கவிருந்த பாடசாலைகள் திறக்கப்படவில்லை. தரம் 6 முதல் 13 வரையான வகுப்புகள் மே 6 ஆம் திகதியே தொடங்கின. ஆரம்பப் பிரிவு மே 13 ஆம் திகதியே தொடங்கியது. முதல் நாட்களில் வகுப்புகள் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தன. பெற்றோர் பிள்ளைகளை அனுப்ப அஞ்சினர்.

அந்த இரண்டு மூன்று வாரங்களில் ஒரு சிறு பிள்ளை யாரிடம் கேள்வி கேட்டிருக்கும்? பெரும்பாலும் வீட்டிலிருந்த அண்ணனிடம் அல்லது அக்காவிடம். அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லும் முறையே இப்பாடம்.

2. அச்சத்தின்போது உடலில் நிகழ்பவை

ஆபத்தை உணர்ந்தவுடன் பரிவு நரம்புத் தொகுதி தூண்டப்படுகிறது. அதிரீனல் சுரப்பி அதிரீனலினைச் சுரக்கிறது. இதனால்,
• இதயத் துடிப்பு அதிகரிக்கும்.
• சுவாசம் வேகமடையும்.
• தசைகள் இறுகும், வியர்க்கும், வாய் உலரும்.
• சமிபாடு மந்தமடையும். எனவே பசியின்மையும் வயிற்று நோவும் ஏற்படும்.

இவை ஆபத்திலிருந்து ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடலை ஆயத்தப்படுத்தும் இயல்பான மாற்றங்களாகும். ஆபத்து நீங்கியதும் பரபரிவு நரம்புத் தொகுதி உடலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். ஆனால் ஆபத்து இன்னும் தொடர்கிறது எனப் பிள்ளை நம்பினால் உடல் ஓய்வடையாது. பட்டாசுச் சத்தம், கதவு அடிபடும் ஓசை, அம்பியூலன்ஸ் ஒலி போன்றனவும் அதே அச்சத்தைத் தூண்டும்.

எனவே "வயிறு நோகுது" என்று சொல்லும் பிள்ளையைப் பாசாங்கு செய்வதாக ஏசக்கூடாது. அந்த நோவு உண்மையானது.

3. வயதுக்கேற்ப வேறுபடும் துலங்கல்கள்

(அ) ஐந்து வயதுக்குட்பட்டோர்: பெற்றோரை விட்டு விலகாமை, காரணமின்றி அழுதல், நிறுத்தியிருந்த படுக்கையில் சிறுநீர் கழித்தல் மீண்டும் தொடங்குதல், விரல் சூப்புதல். இவர்களுக்கு மரணம் திரும்ப முடியாதது என்பது விளங்குவதில்லை. இறந்தவர் எப்போது வருவார் எனப் பலமுறை கேட்பர்.

(ஆ) ஆறு முதல் பதினொரு வயது வரையானோர்: பாடசாலை செல்ல மறுத்தல், கெட்ட கனவுகள், தலைவலி, வயிற்று நோவு, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டல், சம்பவத்தை விளையாட்டாகச் செய்தல். "நான் குழப்படி செய்ததால்தான் இப்படி நடந்தது" எனத் தம்மையே குற்றஞ்சாட்டும் பிள்ளைகளும் உளர்.

(இ) கட்டிளமைப் பருவத்தினர்: தனிமையை நாடுதல், எரிச்சல், தூக்கமின்மை, படிப்பில் கவனம் குறைதல், பழிவாங்கும் எண்ணம், பயத்தை மறைத்துச் சிரித்துப் பேசுதல், இடைவிடாது செய்தி பார்த்தல். இப்பிரிவில் நீங்களும் அடங்குகிறீர்கள் என்பதை மறவாதீர்கள்.

நினைவிற் கொள்க: இவை அசாதாரண சம்பவமொன்றுக்குச் சாதாரண மனிதர் காட்டும் துலங்கல்களாகும். போதிய ஆதரவு கிடைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் வழமைக்குத் திரும்புவர்.

4. சம்பவ ஆய்வு

பின்வரும் சம்பவம் கற்பனையானது. கவனமாக வாசிக்க.

ஜம்பட்டா வீதிக்கு அருகே மாடி வீடொன்றில் வாழும் குடும்பம். அக்கா தரம் 10 இலும் தம்பி தரம் 2 இலும் கற்கின்றனர். தந்தை துறைமுகத்தில் வேலை செய்கிறார். தாக்குதல் நடந்து நான்கு நாட்களாகத் தம்பி தனியே உறங்குவதில்லை. தீப்பெட்டிகளை அடுக்கிக் கோயில் கட்டுகிறான், பின் அதைத் தட்டி விழுத்துகிறான். ஒருநாள் இரவு,

"அக்கா, திரும்பவும் வெடிக்குமா?"

"ஏன் அப்படிக் கேக்குற?"

"டீவியில ஒவ்வொரு நாளும் வெடிக்குதே."

"அது ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அதையேதான் திரும்பத் திரும்பக் காட்டுறாங்க."

"திங்கட்கிழமையும் சத்தம் கேட்டிச்சே?"

"ஓம், கேட்டிச்சு. எனக்கும் பயமாத்தான் இருந்திச்சு. அது வேன்ல இருந்த குண்டு. அதை எடுக்க வந்தவங்க செயலிழக்கச் செய்யப் பார்த்தப்போ வெடிச்சிட்டு."

"அப்பா வேலைக்குப் போனா திரும்பி வருவாரா?"

"போய்ச் சேர்ந்ததும் அம்மாவுக்குக் கோல் எடுப்பார். அம்மா உன்கிட்ட போனைத் தருவாங்க. நீயே அப்பாவோட பேசு."

தம்பி சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "வகுப்புல என் பக்கத்துல இருக்கிறவன் முஸ்லிம். இனி அவனோட கதைக்கக் கூடாதாம். மேல் வீட்டு அண்ணா சொன்னாரு" என்றான்.

"குண்டு வச்சது சில பேர். உன் கூட்டாளி என்ன செஞ்சான்? அவனுக்கும் இப்ப பயமாத்தான் இருக்கும். ஸ்கூல் தொடங்கினா பழையபடி அவன் பக்கத்துலயே இரு."

அக்கா விளக்கை அணைக்காமல் தம்பி உறங்கும்வரை பக்கத்தில் இருந்தாள். மறுநாள் காலை, தம்பி இருக்கும் நேரத்தில் தொலைக்காட்சிச் செய்தியைப் போட வேண்டாம் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டாள்.

இச்சம்பவத்தில் கவனிக்க வேண்டியவை:

1. விடை சொல்லுமுன் அக்கா கேள்வி கேட்டாள். அதனால் தம்பியின் பயத்துக்குக் காரணம் தொலைக்காட்சி எனத் தெரிந்தது. ஒரே காட்சி மீள ஒளிபரப்பாகும்போது சிறு பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் புதிய சம்பவம் நடப்பதாக எண்ணுவதுண்டு.

2. "இனி ஒருநாளும் நடக்காது" என்று அவள் சொல்லவில்லை. நம்மால் உறுதிப்படுத்த முடியாததை உறுதியளித்தால், அது பொய்த்த அன்று பிள்ளை நம்மையும் நம்பாது. நிறைவேற்றக்கூடிய சிறு உறுதிமொழியை அளித்தாள். தொலைபேசி அழைப்பு அதற்கு உதாரணம்.

3. தனக்கும் பயமாக இருந்ததை மறைக்கவில்லை. ஆனால் தன் பயத்தைப் பிள்ளைமீது கொட்டவுமில்லை.

4. தீப்பெட்டி விளையாட்டை யாரும் தடுக்கவில்லை. சொற்களால் கூற முடியாததைச் சிறுவர் விளையாட்டாலும் சித்திரத்தாலும் வெளிப்படுத்துவர். பல வாரங்களாகியும் அதே விளையாட்டு மாற்றமின்றித் தொடர்ந்து, பிள்ளையின் பதற்றமும் கூடினால் மட்டுமே பெரியவரின் உதவியை நாட வேண்டும்.

5. நண்பனைப் பற்றிய கேள்வியை ஒதுக்கிவிடாமல் உடனே விடை சொன்னாள்.

5. உளவியல் முதலுதவி

உலக சுகாதார நிறுவனம் 2011 இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி மூன்று செயல்களை வலியுறுத்துகிறது. அவற்றைப் பார், கேள், இணை என நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பார்: இடம் பாதுகாப்பானதா, எவருக்கு அவசர உதவி தேவை, யார் மிகவும் கலங்கியுள்ளனர் என்பவற்றை அவதானித்தல். அமைதியாக இருக்கும் பிள்ளைக்குப் பாதிப்பில்லை என முடிவுகட்டக் கூடாது.

கேள்: பிள்ளையின் கண்மட்டத்திற்கு இறங்கி அமர்ந்து, இடைமறிக்காமல் செவிமடுத்தல். நடந்ததை விபரிக்கும்படி வற்புறுத்தக் கூடாது. பேச விரும்பாத பிள்ளையின் அருகில் இருப்பதும் உதவியே. "அழாதே", "இதெல்லாம் ஒரு விசயமா?", "ஆம்பிளைப் பிள்ளை பயப்படலாமா?" போன்ற கூற்றுகளைத் தவிர்க்க வேண்டும்.

இணை: உணவு, நீர், உறக்கம் ஆகிய அடிப்படைத் தேவைகளை நிறைவேற்றுதல், குடும்பத்தினருடன் சேர்த்தல், நம்பகமான தகவலைப் பெற்றுக்கொடுத்தல், தேவையாயின் ஆசிரியர், மருத்துவர், உளவளத்துணையாளர் ஆகியோரிடம் அழைத்துச் செல்லல்.

உளவியல் முதலுதவி வழங்க வைத்தியராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அது சிகிச்சைக்குப் பதிலீடாகாது.

வீட்டில் செய்யக்கூடியவை:
• உணவு, குளிப்பு, படிப்பு, விளையாட்டு, உறக்கம் ஆகியவற்றை வழமையான நேரத்தில் நடத்துதல். நாளை என்ன நடக்கும் எனத் தெரிந்த பிள்ளைக்குப் பாதுகாப்பு உணர்வு கூடும்.
• கோலம், சித்திரம், கரம், பந்து விளையாட்டு போன்றவற்றில் ஈடுபடுத்தல்.
• ஆறுதலான சுவாசப் பயிற்சி. சிறு பிள்ளைக்கு, "பூவை மணந்து பார்" என மூக்கினால் மூச்சை உள்ளெடுக்கவும், "மெழுகுதிரியை மெதுவாக ஊது" என வாயினால் வெளிவிடவும் சொல்லிக்கொடுக்கலாம். மூச்சை மெதுவாக வெளிவிடும்போது பரபரிவு நரம்புத் தொகுதியின் செயற்பாடு அதிகரித்து இதயத் துடிப்பு குறையும்.
• மெழுகுதிரி ஏற்றல், பிரார்த்தித்தல், மலர் வைத்தல் போன்று துக்கத்தை வெளிப்படுத்தும் செயல்களில் பிள்ளை விரும்பினால் பங்குகொள்ள விடுதல்.

6. ஊடகமும் வதந்தியும்

1995 இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் குண்டுவெடிப்பு நிகழ்ந்த பின்னர் அங்குள்ள மாணவர்களிடையே ஆய்வுகள் நடத்தப்பட்டன. சம்பவ இடத்தில் இல்லாதிருந்தும், அதுபற்றிய தொலைக்காட்சிக் காட்சிகளை அதிகம் பார்த்த மாணவர்களிடம் நெருக்கீட்டு அறிகுறிகள் கூடுதலாகக் காணப்பட்டன. அன்று தொலைக்காட்சி மட்டுமே இருந்தது. இன்று அதே காட்சி உங்கள் கையடக்கத் தொலைபேசியிலேயே வந்து சேர்கிறது.

முதல் மணித்தியாலங்களில் வரும் தகவல்களில் தவறுகள் இருக்கும். 2019 ஏப்ரலில் தேடப்படும் சந்தேகநபர்களின் படங்களைப் பொலிசார் வெளியிட்டபோது, தாக்குதலுடன் எவ்விதத் தொடர்புமற்ற அமெரிக்க மாணவி ஒருவரின் படமும் தவறுதலாக அதில் இடம்பெற்றது. பின்னர் பொலிசார் தவறை ஏற்று வருத்தம் தெரிவித்தனர். ஆனால் அதற்கிடையில் அம்மாணவிக்கு மிரட்டல்கள் வந்துவிட்டன. உத்தியோகபூர்வ அறிவித்தலிலேயே இவ்வாறு நிகழுமாயின், யார் எழுதியது எனத் தெரியாத வாட்ஸ்அப் குரற்பதிவை எப்படி நம்புவது?

எனவே,
• யார் சொன்னது, எப்போது சொன்னது எனத் தெரியாத செய்தியை அனுப்பாதீர்கள்.
• இறந்தோர், காயமடைந்தோர் ஆகியோரின் படங்களைப் பகிராதீர்கள். அது அக்குடும்பத்தின் துயரத்தைப் பன்மடங்காக்கும்.
• செய்தி பார்க்கும் நேரத்தை மட்டுப்படுத்துங்கள். உறங்குமுன் பார்ப்பதைத் தவிருங்கள்.

7. எவரையும் ஒதுக்காத பாதுகாப்பு

கொச்சிக்கடைத் திருத்தலத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளில் கத்தோலிக்கருடன் இந்துக்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் வந்து வேண்டுதல் செய்வது நெடுங்கால வழக்கம். அதற்கு அண்மையிலேயே ஸ்ரீ பொன்னம்பலவாணேசுவரர் கோயில் உள்ளது. இப்பகுதியில் வளரும் பிள்ளைக்குப் பல மத நண்பர்கள் இருப்பது இயல்பு.

தாக்குதலை நடத்தியோர் தீவிரவாதக் குழுவொன்றைச் சேர்ந்தவர்கள். அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா உட்பட முஸ்லிம் அமைப்புகள் இச்செயலை வன்மையாகக் கண்டித்தன. எனினும் 2019 மே மாதத்தில் குளியாப்பிட்டி, மினுவாங்கொடை முதலிய இடங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. இதனால் குண்டுவெடிப்புடன் எத்தொடர்புமற்ற இன்னொரு பிள்ளைக் கூட்டம் அச்சத்துக்குள்ளானது.

ஒரு பிள்ளையின் பயத்தைப் போக்க இன்னொரு பிள்ளையைப் பயமுறுத்தக் கூடாது. வகுப்பில் ஒருவரைச் சாட்டிப் பட்டப்பெயர் கூறுதல், பக்கத்தில் அமர மறுத்தல் ஆகியனவும் உளரீதியான துன்புறுத்தலே. அவ்வாறு நிகழ்ந்தால் வகுப்பாசிரியரிடம் அறிவிப்பது உங்கள் கடமை.

நியாயமான கோபம் வேறு, வெறுப்பு வேறு. "முன்னமே தெரிந்திருந்தும் ஏன் தடுக்கவில்லை?" எனக் கேட்பது நியாயமான கேள்வி. முன்கூட்டியே புலனாய்வுத் தகவல் கிடைத்திருந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக, முன்னாள் ஜனாதிபதியும் உயரதிகாரிகளும் நட்டஈடு செலுத்த வேண்டுமென 2023 ஜனவரி 12 ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோபத்தைச் சட்டத்தின் வழியாகவும் கேள்விகளின் வழியாகவும் வெளிப்படுத்தலாம் என்பதற்கு இது உதாரணமாகும்.

8. எப்போது மேலதிக உதவி தேவை?

ஒரு மாதத்துக்கு மேலாகியும் அறிகுறிகள் குறையாவிடில் அல்லது வரவர அதிகரித்தால் மருத்துவ உதவி பெற வேண்டும். பிள்ளை தொடர்ந்து உண்ணாமலோ உறங்காமலோ இருந்தாலும், தன்னைத் துன்புறுத்திக்கொண்டாலும், வாழ விருப்பமில்லை எனக் கூறினாலும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. "யாருக்கும் சொல்லாதே" என அப்பிள்ளை கேட்டாலும், நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

உதவி பெறக்கூடிய இடங்கள்:
• பாடசாலை உளவளத்துணை ஆசிரியர்
• அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவு
• தேசிய உளநல உதவிச் சேவை – 1926
• தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை – 1929

சிறுவர் உரிமைகள் சமவாயம் 1989 இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இலங்கை 1991 இல் அதனை உறுதிப்படுத்தியது. வன்முறையாலும் ஆயுத மோதலாலும் பாதிக்கப்பட்ட சிறுவர் உடல், உள ரீதியாக மீட்சி பெறுவதற்கு உதவுவது அரசின் கடமை என அதன் 39 ஆம் உறுப்புரை கூறுகிறது. எனவே உதவி கேட்பது வெட்கப்பட வேண்டிய விடயமன்று. அது உங்கள் உரிமை.

பரீட்சைக் குறிப்பு: "ஆதரவளிக்கும் வழிகள் நான்கு தருக" என வினவப்பட்டால் "அன்பு காட்டல், ஆறுதல் கூறல்" எனப் பொதுவாக எழுதி நிறுத்தாதீர்கள். என்ன செய்வீர்கள், அதனால் பிள்ளைக்கு என்ன பயன் என இரண்டையும் எழுதுங்கள்.

மாதிரி வினாக்கள்

பகுதி I

1. அச்சத்தின்போது இதயத் துடிப்பை அதிகரிக்கச் செய்யும் ஓமோன்
(1) இன்சுலின் (2) அதிரீனலின் (3) தைரொட்சின் (4) ஈஸ்திரஜன்

2. துயரச் சம்பவத்தின் பின் ஏழு வயதுப் பிள்ளைக்குக் கூறக்கூடிய மிகப் பொருத்தமான கூற்று
(1) இனி ஒருநாளும் அப்படி நடக்காது.
(2) பெரிய பிள்ளைகள் பயப்பட மாட்டார்கள்.
(3) உனக்குப் பயமாக இருப்பது விளங்குகிறது, நான் பக்கத்தில் இருக்கிறேன்.
(4) அதைப்பற்றி இனிப் பேசாதே.

3. உளவியல் முதலுதவியில் தவிர்க்க வேண்டியது
(1) செவிமடுத்தல் (2) குடும்பத்துடன் இணைத்தல் (3) நடந்ததைக் கூறும்படி வற்புறுத்தல் (4) நீர், உணவு வழங்கல்

பகுதி II

4. (அ) கட்டிளமைப் பருவத்தினரிடம் தோன்றக்கூடிய மாற்றங்கள் மூன்று தருக.
(ஆ) செய்திக் காட்சிகளை மீண்டும் மீண்டும் பார்ப்பது சிறு பிள்ளைகளைப் பாதிக்கும் விதத்தை விளக்குக.
(இ) குண்டுவெடிப்பின் பின் பாடசாலை மீளத் திறக்கும் நாளில், மாணவர் தலைவராகிய நீங்கள் தரம் 6 மாணவருக்காகச் செய்யக்கூடிய மூன்று செயல்களைக் காரணத்துடன் எழுதுக.

விடைக் குறிப்புகள்

1. (2) 2. (3) 3. (3)

4. (அ) பிரிவு 3 (இ) ஐப் பார்க்க.
(ஆ) பழைய காட்சியைப் புதிய சம்பவமாக எண்ணுதல், ஆபத்து தொடர்வதாக நம்புதல், உடல் ஓய்வு நிலைக்குத் திரும்பாமை, உறக்கம் கெடுதல் ஆகியன இடம்பெற வேண்டும்.
(இ) நுழைவாயிலில் நின்று பெயர் கூறி வரவேற்றல் – தனிமை உணர்வு நீங்கும். பை சோதனை நடைபெறுவதன் காரணத்தை எளிமையாக விளக்குதல் – சோதனை பயத்தைத் தராது. எல்லா மதப் பிள்ளைகளும் கலந்து விளையாட ஏற்பாடு செய்தல் – சந்தேகமும் ஒதுக்கலும் குறையும். பொருத்தமான வேறு விடைகளும் ஏற்கப்படும்.

செயற்பாடு: உங்கள் வீட்டிலோ அயலிலோ உள்ள பத்து வயதுக்குட்பட்ட பிள்ளை ஒன்றுடன் இன்று பத்து நிமிடம் இருந்து, அது சொல்வதை இடைமறிக்காமல் கேளுங்கள். நல்ல நாளில் செவிமடுத்துப் பழகியவரிடமே கெட்ட நாளில் பிள்ளை தேடி வரும். சேதமடைந்த திருத்தலம் திருத்தப்பட்டு 2019 ஜூன் 12 ஆம் திகதி மீளத் திறக்கப்பட்டது. ஒரு பிள்ளையின் மனம் தேறுவதற்கு அதனிலும் கூடிய காலம் எடுக்கலாம். அதுவரை பக்கத்தில் இருப்பவராக நீங்கள் இருங்கள்.